ஹாலில் என் பாய் விரிக்கும் இடம்

குமாரு, கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று இதை எழுதித் தருகிற இசக்கி சொல்கிறான். உன்னை என்ன விசாரிப்பது? நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, வெளிச்சம் விழாமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கொண்டு, நீ நம் வீட்டில் தூங்குகிறாய். நான் இரண்டு பிளாக் தள்ளி இன்னொரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நேரில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட உட்கார்ந்தபோது வாயெடுத்தேன். பாதியிலேயே "சரி வுடு நைனா" என்றாய். அந்த ஒரு சொல்லைப் போட்டு நீ எல்லாவற்றையும் மூடிவிடுகிறாய். எழுதி வைத்ததை அப்படி மூட முடியாது என்று நினைத்துத்தான் இசக்கியைப் பிடித்தேன். நான் நம் பேச்சில் சொல்லச் சொல்ல அவன் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதுகிறான். வேறு யாரோ எழுதினது போல் உனக்குத் தோன்றினால் அது அவன் கை. உள்ளே இருப்பது நான்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பாவை அரக்கோணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காதே. பெற்ற மகளை இங்கே, உன் வீட்டில், உன் பக்கத்தில் வைத்துக்கொள். சும்மா வாயால் சொல்லவில்லை, அதற்கு ஒரு வழியும் செய்துவிட்டேன். அந்த வழியைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் தாளைக் கீழே போடாமல் கடைசி வரைக்கும் படி.

இந்த இடத்தை நீ எங்களுக்குக் காட்டிய நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. வியாசர்பாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நீ அங்கிருந்து விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி மாறி ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, இருட்டின பிறகு திரும்பிக்கொண்டிருந்தாய். பட்டணத்துக்குள் நின்றுகொள்ள இடம் வாங்குகிற காசில் இங்கே படுத்துக்கொள்ள வீடே வாங்கலாம் என்று சொல்லி, எங்கள் இருவரையும் அழைத்துவந்தாய். சுற்றிலும் வெட்டவெளி. நடுவில் பிளாக் பிளாக்காக வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் பூச்சு, ஒரே பழுப்புக் கதவு. உன் அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "இன்னாடா குமாரு, எல்லா வூடும் ஒரே அச்சா கீது? உங்க நைனா ஊத்திக்கினு வந்தாருன்னா எவன் வூட்டுக் கதவத் தட்டுவாரு?" என்றாள். வீடு காட்ட வந்த ஆளும் சேர்ந்து சிரித்தான். நான் குடியை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் புது இடத்தில் நாலு பேர் முன்னால் என்னை ஒரு இடி இடிக்காவிட்டால் அவளுக்கு அந்த இடம் சொந்தமாகாது. இந்த வீட்டில் அவள் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். சமையல் மேடை தன் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். வருகிறவர்கள் என்று யார் இருந்தார்கள்? பால்காரனிடம் சொன்னாள், காஸ் சிலிண்டர் தூக்கி வந்தவனிடம் சொன்னாள்.

அவள் போன பிறகுதான் இந்த இடத்தின் பகல் என் கண்ணில் பட்டது. நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். வீட்டில் இருக்கிற பகலில் நீ தூங்குகிறாய். காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்று, ஆண் பெண் எல்லோரையும் கழுத்து அட்டையோடு அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம், தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். நிறுத்த ஆள் இருக்காது, நான்தான் இறங்கிப் போய் நிறுத்துவேன். வீடுகளுக்குள் ஆட்கள் இல்லாமல் இல்லை. இருப்பவர்கள் நைட் முடித்துவிட்டுத் தூங்குகிறவர்கள். அதனால் கதவைத் தட்டக் கூடாது, படியில் செருப்பைத் தேய்க்கக் கூடாது, வாய்விட்டு இருமக் கூடாது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவன் நான். எல்லோரும் கத்துகிற இடத்தில் அவர்களுக்கு மேல் கத்திப் பழகின தொண்டை. இங்கே அதை அடக்கி அடக்கி, இப்போது யாரையாவது கூப்பிட நினைத்தாலும் குரல் ஏற மாட்டேன் என்கிறது.

நாள் கிழமைகூட இங்கே கம்பெனி சொல்கிறபடிதான் வருகிறது. பண்டிகையன்று வேலை வைத்தால் எல்லோரும் பண்டிகையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. உன் அம்மாவுக்குப் படைக்கிற நாளையும் நீ ஞாயிறுக்கு மாற்றினாய். அந்த ஞாயிறு ஓவர்டைம் வேலை, ஓ.டி. என்றார்கள். அடுத்த ஞாயிறுக்குப் போனது. நான் குறையாகச் சொல்லவில்லை, குமாரு. அவள் இருந்திருந்தாலும், "புள்ள வேலய முடிச்சுக்கினு வரட்டும், எனக்கு இன்னா அவசரம்" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தச் சரியான நாளில் நான் கடையில் ஒரு வடை வாங்கிவந்து, ஒரு தம்ளர் தண்ணீரோடு அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். பிறகு அதை நானே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ இலை போட்டபோது புதிதாகக் கும்பிடுகிறவன் போலக் கும்பிட்டேன்.

இந்தப் பகலுக்குள் பாப்பா வந்தாள். தேவிக்குப் பிரசவ லீவு முடிந்து, சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஃபோன் தயாரிக்கிற கம்பெனிக்கு மறுபடி போக ஆரம்பித்தபோது, குழந்தையை என்னிடம் விட்டுப் போனாள். அவளுக்கு வேறு ஆள் இல்லை, எனக்கும் வேறு வேலை இல்லை. பால் ஆற்றக் கற்றுக்கொண்டேன். கால் கழுவி விடக் கற்றுக்கொண்டேன். உன்னை நான் அப்படித் தூக்கி வைத்துக்கொண்டதே இல்லை. நீ பிறந்தபோது என் தோள் முழுக்க மூட்டைக்குத்தான் இருந்தது. பாப்பா பேசப் பழகினது என்னிடம்தான். அதனால்தான் தேவி ஒரு நாள், "இன்னா மாமா, பொம்பளப் புள்ள லோடுமேன் கணக்கா பேசுது" என்று சிரித்தாள். சோறு ஊட்டினால் பாப்பா கையை நீட்டி மறித்து, "போதும்பா, இன்னும் ஏத்தாத" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். எதிர்வீட்டில் யாராவது தூங்குகிறார்களே என்கிற நினைப்பே அப்போது வராது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். நீ இதுவரைக்கும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று விட்டிருப்பாய். எனக்கு எழுத்துத் தெரியாது. பிளாக்கின் பேரை ரோட்டைப் பார்த்த சுவரில்தான் எழுதியிருக்கிறார்கள். கடைப் பக்கமிருந்து வந்தால் பின்பக்கம்தான் தெரியும். பின்பக்கம் எல்லாம் ஒன்று. நான் நம் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? உன் கம்பெனிச் சட்டையை வைத்துத்தான். நீல நிறம், தோளில் ஆரஞ்சுப் பட்டை. தேவி தினமும் அதைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டுப் போவாள். மூன்றாவது மாடி ஓரத்தில் உன் சட்டை ஆடினால் அது நம் வீடு. எனக்கு அது போதுமாக இருந்தது. எத்தனையோ நாள் அப்படித்தான் போய் வந்தேன்.

அன்றைக்கு உனக்குப் பகல் ஷிஃப்ட். காலையில் கரண்ட் போய்விட்டது. மிஷின் ஓடவில்லை. உன் சட்டை துவைக்காமல் பக்கெட்டில் கிடந்தது. எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. மத்தியானம் பாப்பா பிஸ்கெட் கேட்டாள் என்று கடைக்குத் தூக்கிப் போனேன். ஃபோனைக்கூடக் கையில் எடுக்காமல் போனேன். திரும்பும்போது பார்த்தால் மூன்றாவது மாடி ஓரத்தில் நீலச் சட்டை ஆடுகிறது. ஏறினேன். வாசலில் கோலம் இல்லை. தேவி அவசரத்தில் போடாமல் போயிருப்பாள் என்று நினைத்தேன். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். பூட்டு கெட்டுவிட்டது என்றுதான் எனக்குப் பட்டதே தவிர, இது வேறு வீடு என்று படவே இல்லை. எதிர்க் கதவு பூட்டியிருந்தது. கீழ் மாடியிலும் பூட்டு. ஒருவரும் இல்லை. தேவி வந்துவிடுவாள், அவளிடம் இன்னொரு சாவி இருக்கிறது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா பிஸ்கெட்டைத் தின்றுவிட்டு என் மடியில் தூங்கிவிட்டாள். கீழே தேவி என் பேரையும் பாப்பா பேரையும் கத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி, கடை, பஸ் ஸ்டாப் என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்துக்கு மாடிப்படியில் ஆள் ஏறி வருகிற சத்தம். அதே நீலச் சட்டை, தோளில் அதே பட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பாப்பா கண் விழித்து "அப்பா" என்று எகிறி அவன் மேல் விழுந்தாள். அவன் பையைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டான். அவள் அரைத் தூக்கத்தில் இருந்த குழந்தை, அதைச் சொல்லிக் குற்றமில்லை. நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "வா குமாரு, பூட்டு மக்கர் பண்ணுது, இன்னான்னு பாரு" என்றேன்.

அவன்தான் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். உன் கம்பெனிதான், வேறு லைன். இன்னும் இரண்டு பேரோடு அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். "தாத்தா, நான் குமாரு இல்ல. இது எங்க வீடுல்லா? நீங்க எந்த பிளாக்குன்னு சொல்லுங்க, கொண்டு விடுதேன்" என்றான். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவன் தன் சாவியைப் போட்டான், கதவு திறந்தது. உள்ளே உன் அம்மா படம் இல்லை. சுவரோரமாகச் சுருட்டி வைத்த மூன்று பாய்கள்தான் இருந்தன. அப்போதுதான் புரிந்தது. பாப்பாவை அவன் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். நீ கம்பெனியிலிருந்து பாதி ஷிஃப்டில் ஓடி வந்து நின்றிருந்தாய். பாப்பாவை அவன் கையிலிருந்து வாங்கினாய். அவள் உன் சட்டையையும் அவன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடு மாறிப் போனதைப் பற்றித்தான் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளையின் முகம் என்று நினைத்து இன்னொருவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசிவிட்டேனே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உன்னை வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று அன்றைக்கு யோசித்தேன்.

தேவி அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். எனக்குச் சோறு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எங்கயும் கூட்டிக்கினு போவல மாமா, வாசல்லதான் ஒக்காந்துகினு இருந்தீங்க. ஆனா அது நம்ம வாசல் இல்லியே" என்றாள். மறு வாரம் பாப்பாவை அரக்கோணத்தில் அவள் அக்கா செல்வியிடம் கொண்டுபோய் விட்டீர்கள். செல்வி நல்லவள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், ஜாக்கெட் தைத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவள். பாப்பாவை உயிராக வைத்திருக்கிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீயும் தேவியும் மாதத்துக்கு ஒரு தடவை, லீவு கிடைத்தால் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். வந்து இரண்டு நாள் தேவி யாரோடும் பேசுவதில்லை. நீ ஓ.டி. அதிகம் எடுக்கிறாய். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, இதெல்லாம் தெரியாதா?

பாப்பா இங்கே வர ஒரே வழி செல்வியும் கூட வருவதுதான். தையல் மிஷினை எங்கே போட்டாலும் ஓடும். அவளுக்கு அங்கே கட்டிப்போட ஒன்றும் இல்லை. பின்னே ஏன் வரவில்லை? நீ அதை யோசித்துப் பார்த்து, வெளியே சொல்லாமல் விழுங்கிவிட்டாய். நான் சொல்கிறேன். பொங்கலுக்கு அவள் பாப்பாவோடு வந்து நாலு நாள் தங்கினாள் இல்லையா? நீயும் தேவியும் பகலில் வேலைக்குப் போய்விடுவீர்கள். நம் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. குளிக்கிற இடமும் கக்கூசும் ஹாலைத் தாண்டித்தான். ஹாலில் நான் இருக்கிறேன். அவள் ரூமுக்குள்ளேயே இருந்தாள். நான் அசைந்தால் வெளியே வருவாள், உட்கார்ந்தால் உள்ளே போய்விடுவாள். முதல் நாள் எனக்கு உறைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான், காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். தண்ணீர் குடித்தால் ஹாலைத் தாண்ட வேண்டுமே. உடனே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பஜார் வரைக்கும் போயிட்டு வரேம்மா" என்று இறங்கினேன். எந்த பஜார்? கீழே தண்ணீர்த் தொட்டி நிழலில் பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மற்ற மூன்று நாளும் அப்படித்தான். அவள் போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தைக்கிற துணி நிறையக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். தங்கையின் மாமனார் ஒற்றை ஆளாக இருக்கிற வீட்டில், பகல் முழுக்க அவள் எப்படி இருப்பாள்? நானே அவளுக்கு அண்ணனாக இருந்தாலும் இருக்க விடமாட்டேன்.

போன வாரம் நீங்கள் ரூமில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது சுவரே இல்லை, தட்டிதான். வைகாசியில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டுமே என்று தேவி கேட்டாள். நீ சொன்னாய், "நைனாவ நான் எங்க அனுப்பறது? பாப்பா அங்கயே படிக்கட்டும், வுடு" என்று. தேவி விளக்கை அணைத்துவிட்டாள். அந்த சுவிட்சின் சத்தமும் எனக்குக் கேட்டது. குமாரு, எந்தத் தகப்பனுக்கும் அந்த வார்த்தை ஒரு பாக்கியம்தான். பெற்ற மகளைத் தள்ளி வைத்தாலும் என்னைத் தள்ளமாட்டேன் என்கிறாய். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. அந்த நிறைவோடு எழுந்து உட்கார்ந்து, என் பாயைப் பார்த்தேன். ஹாலில் அது பிடிக்கிற இடம் எவ்வளவு? ஒரு ஆள் கை கால் நீட்டுகிற இடம். அந்த இடத்தால்தான் ஒரு குழந்தை வீட்டுக்கு வர முடியாமல் இருக்கிறது.

இனிமேல்தான் நீ கோபப்படுகிற இடம். வல்லம் போகிற வழியில், கார் சாமான் கட்டி அனுப்புகிற, பேலட் என்கிற மரத் தட்டுகளை அடுக்கி வைக்கிற யார்டு ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த வாட்ச்மேன் ஊருக்குப் போய்விட்டார். இசக்கிதான் விசாரித்துச் சொன்னான். அவனைத் திட்டாதே, நான் கேட்டதற்குச் சொன்னான். போய் நின்றேன். அங்கிருந்த மேனேஜர் தம்பி, "எழுதப் படிக்கத் தெரியுமா பெரியவரே?" என்றார். தெரியாது என்றேன். "நல்லதாப் போச்சு. இங்க எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. எவனும் பீடி பத்த வைக்காமப் பாத்துக்கினா போதும்" என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட ஒரு அறை, ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது. டீக்கடை எதிரிலேயே. வைகாசி பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் இசக்கி பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "தாத்தா, இத நான் எழுதுனா உங்க மவன் என்னயத்தான் ஏசுவாரு" என்கிறான். ஏசட்டும், நீ எழுது என்றேன். எழுதுகிறான்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நீ நினைப்பாய். எந்த நாலு பேர்? வியாசர்பாடியாக இருந்தால் விடிவதற்குள் தெரு முழுக்கப் பேசியிருக்கும், உன் மானம் போயிருக்கும். இங்கே யார் யாருக்கு அப்பன் என்று யாருக்குத் தெரியும்? இந்த இடம் எனக்குச் செய்த நன்மை அது ஒன்றுதான். அப்பனை வயசான காலத்தில் வேலைக்கு அனுப்பிவிட்டேனே என்று நீ மருகாதே. நான் மூட்டை தூக்கப் போகவில்லை; உட்காரத்தான் போகிறேன். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன். உன்னைப் பிரிந்து போகிறேன் என்றும் நினைக்காதே. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நான் உன் முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதானே.

போகிறதற்கு முன்னால் தகப்பனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். தேவி தன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள், நீ உன் பஸ்ஸில் ஏறக் காலை வைத்தாய். அவள் உன் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். காதலாகப் பேசினாளா, கோபமாகப் பேசினாளா என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கிட்டே போனபோது, "மாவு புளிச்சுருச்சு, தோசையா ஊத்திக்கோ" என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்துவிட்டது. நானும் உன் அம்மாவும் ஒன்றுமில்லாமல் வாழ்ந்தோம். ஆனால் சண்டை போட எங்களுக்கு நேரம் இருந்தது. ஒரு ராத்திரி சண்டை போட்டால் மூன்று நாள் பேசாமல் இருக்க முடிந்தது. நான்காவது நாள் அவள் சோற்றைத் தட்டில் டொக்கென்று வைப்பாள், அது சமாதானம். உங்களுக்கு அதற்கும் நேரமில்லை. பாப்பா வந்தால் ஓ.டி.யைக் குறைத்துக்கொள். வீட்டுக் கடன் இரண்டு வருஷம் கூட ஓடினால் ஓடட்டும். அவள் முழித்திருக்கிற நேரத்தில் நீ வீட்டில் இரு. அவள் உன்னை முகமாகப் பார்த்துப் பழகட்டும், சட்டையாகப் பார்த்துப் பழக வேண்டாம்.

செல்விக்கு ஹாலில் மிஷினை ஜன்னல் பக்கம் போட்டுக்கொடு. அந்த மூலையில்தான் நல்ல வெளிச்சம் வரும். நான் போனதற்கு அவள்தான் காரணம் என்று அவள் காதில் விழ வேண்டாம். எனக்கு வேலை கிடைத்தது, போனேன் என்று சொல். தேவியிடம் உண்மையைச் சொல்லலாம். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பாப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கு வந்தபோதே அவள் என்னிடம் வரவில்லை, கவனித்தாயா? நான் கையை நீட்டினேன், அவள் செல்வியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இப்போது சுத்தமான தமிழ் பேசுகிறாள், அரக்கோணத்து டீச்சர் மாதிரி. சோறு போதும் என்றால் "போதும்" என்று மட்டும் சொல்கிறாள். குழந்தை மறப்பது அதன் வளர்ச்சி. நான் அதற்கு வருத்தப்படமாட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அவள் உன்னையும் அப்படி மறந்துவிடுவதற்கு முன்னால் அழைத்துவந்துவிடு.

பாப்பா இங்கே இருந்தபோது நீ சேர்க்க நினைத்திருந்த வல்லத்துப் பள்ளிக்கூடத்திலேயே அவளைச் சேர். நம் இடத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன் அந்த யார்டு கேட்டைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு நாள் காலையில் போய் நின்று பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் ரோடு குண்டும் குழியுமாக இருப்பதால் வேன் மெதுவாகத்தான் போகிறது. அவளை ஜன்னலோரம் உட்கார வை. இந்தப் பக்கம் பார், தாத்தா நிற்பார் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்காதே. கேட்டுக்கு வெளியே நாற்காலி போடக் கூடாது என்று மேனேஜர் தம்பி சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, அந்த நேரத்துக்கு நான் நின்றுகொள்கிறேன்.